பள்ளிக்கு வரும் பணம்: பரிசா, பங்கா?

மகாராஷ்டிரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தார் தம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் செல்லுங்கால் முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் மராத்திச் சொற்களுள் ஒன்று ‘அனுதான்’ என்பது. நாம் மானியம் என்று வழங்குவதையே அச்சொல் குறிக்கின்றது. அரசின் மானியம் பெறும் பள்ளி ‘அனுதானித்’. பெறாத பள்ளி ‘வினா அனுதானித்’. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழ்வோருக்கும், அங்கிருந்து தாணே கடற்கழியைக் கடந்து கோபர்கைரனே போன்ற நவி மும்பைக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தோருக்கும் இந்த வேறுபாட்டின் பொருள் நன்கு தெரியும். ஒரு சொல்லின் முன்னே ‘வினா’ என்னும் இரண்டெழுத்துச் சேர்ந்தால் வீட்டுச் செலவு எவ்வளவு கூடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவர்.

பொதுமக்களின் வரிப்பணத்தை எந்த அளவுகோலைக் கொண்டு பள்ளிகளுக்குப் பகிர்ந்தளிப்பது? இக்கேள்விக்கு உலகில் இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. பள்ளியின் தேவையை அளந்து கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. பள்ளி காட்டும் வெற்றியை அளந்து கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைப் பங்கு என்றும், பின்னதைப் பரிசு என்றும் நாம் சொல்லலாம். இவ்வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னை, பம்பாய் ஆகிய இரு மாகாணங்களிலும் பரிசு முறை நடைமுறைக்கு வந்தது. நாற்பது ஆண்டுக்கால அனுபவத்திற்குப் பின் கைவிடவும்பட்டது. அவ்வரலாற்றை இரு மாகாணங்களுக்கும் உறவுடைய நாம் அறிந்திருத்தல் நலம்.

திண்ணைப் பள்ளியும் அரசாங்கமும்

சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டில் மாகாணத்தின் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். அவர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826-ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பு இன்றும் வரலாற்று ஆசிரியர்களால் எடுத்தாளப்படுகின்றது. அன்று மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941. பள்ளிகள் 12,498. அவற்றில் பயின்றோர் 1,88,650 பேர். அதாவது 67 பேருக்கு ஒருவர் பள்ளியில் பயின்றனர். வீடுகளில் கற்போரையும் சேர்த்தால், பள்ளிப் பருவத்து ஆண்பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஏதோ ஒருவகைக் கல்வி பெற்றனர் என்று மன்றோ மதிப்பிட்டார்.

இப்பள்ளிகளுள் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணியால் எழுதி, வாய்ப்பாட்டையும் நீதிநூல்களையும் மனனம் செய்த பள்ளிகள் அவை. ஆசிரியருக்குக் கிடைத்தது பெற்றோர் கொடுத்த சிறு காசும் தவசமும் பண்டிகைநாள் காணிக்கையுமே. அரசாங்கத்தின் பணம் அங்கே வரவில்லை. ஆனால் அத்திண்ணையில் ஊரார் எல்லோருக்கும் இடம் இருந்ததென்று எண்ணிவிடலாகாது. பெண்மக்களுள் மிகச்சிலரே பயின்றனர். சேரியில் வாழ்ந்தோரின் பிள்ளைகள் ஊர்த்தெருவிற்குள் வருவதற்கே தடையிருந்த காலம் அது.

கிழக்கிந்தியக் கம்பெனி கல்விக்கென ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று 1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் விதித்தது. பரந்த ஒரு நாட்டிற்கு அத்தொகை எம்மாத்திரம்? 1854-ஆம் ஆண்டில் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைதான் மானிய முறைக்குக் கால்கோள் செய்தது. மாகாணந்தோறும் கல்வித்துறை அமைக்கவும், தனியாரும் சமய நிறுவனங்களும் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கவும், அப்பள்ளிகளை அரசு அதிகாரிகள் மேற்பார்வையிடவும் அது வழி வகுத்தது. சென்னையிலும் பம்பாயிலும் 1857-இல் பல்கலைக்கழகங்கள் தோன்றின. பள்ளிக்கு அரசு பணம் தரும் என்பது உறுதியாயிற்று. எந்த அளவுகோலால் தரும் என்பதே எஞ்சிநின்ற கேள்வி.

இலண்டனில் பிறந்த கணக்கு

அந்த அளவுகோல் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஏழை மக்களின் பள்ளிகளுக்கு அந்நாட்டு அரசாங்கம் அளித்துவந்த மானியம் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டே போயிற்று. கல்விப் பொறுப்பை ஏற்றிருந்த ராபர்ட் லோ என்பார் 1862-இல் திருத்திய விதித்தொகுப்பு ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதன்படி ஒரு மாணவன் ஆண்டொன்றுக்கு 12 ஷில்லிங் வரை தன் பள்ளிக்குத் தேடித்தரலாம். ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தமைக்கு 4 ஷில்லிங். இன்ஸ்பெக்டர் நேரில் நடத்தும் பரீட்சைக்கு 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றனுள் எதிலேனும் தவறினால், ஒவ்வொரு தவறுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும்.

இம்முறை செலவைச் சுருக்கும். அன்றேல் திறமையைப் பெருக்கும். இரண்டில் ஒன்று உறுதி என்று லோ பாராளுமன்றத்தில் வாதித்தார். செலவு சுருங்கியது உண்மை. 1861-இல் எட்டு லட்சம் பவுனுக்கு மேல் இருந்த மானியம் 1865-இல் ஆறரை லட்சத்திற்கும் கீழே இறங்கியது. திறமை பெருகிற்றா? கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமாகிய மாத்யூ ஆர்னால்டு தம் அறிக்கைகளில் இம்முறையை இடைவிடாது கண்டித்தார். பள்ளிகளில் உயிரோட்டம் குன்றிவிட்டது, கற்பித்தல் இயந்திரத்தனமாகிவிட்டது, பிள்ளைகள் புத்தகத்தைப் பொருளுணராமல் ஒப்பிக்கின்றனர் என்பது அவர் கண்ட காட்சி. 1890-களில் இங்கிலாந்து இம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டது.

சென்னையில் பலன் மானியம்

இங்கிலாந்தில் எழுந்த கண்டனம் முற்றுப்பெறும்வரை இந்தியா காத்திருக்கவில்லை. 1860-களிலேயே சென்னையும் பம்பாயும் பரீட்சைப் பலனுக்கேற்ற மானியத்தை ஏற்றுக்கொண்டன. எனினும் இரண்டு மாகாணங்களின் போக்கிலும் ஒரு வேற்றுமை உண்டு. பம்பாய் மாகாணம் நிலவரியோடு சேர்த்து வாங்கிய கல்வி வரியைக்கொண்டு, கல்வித்துறையே நேரில் நடத்தும் தாய்மொழிப் பள்ளிகளைப் பெருக்கியது. பலன் மானியம் அங்கே தனியார் பள்ளிகளுக்கு உரியதாக நின்றது. சென்னை மாகாணமோ ஊர்தோறும் இருந்த திண்ணைப் பள்ளிகளைத் தன் வலைக்குள் இழுத்து, அவற்றைப் பலன் மானியத்தால் வளர்க்கும் வழியைப் பெரிதும் கைக்கொண்டது. ஆதலின் இம்முறையின் நன்மை தீமை இரண்டும் தமிழ் மாவட்டங்களில் மிகுதியாக வெளிப்பட்டன.

அது நடந்த விதம் எளியது. ஆசிரியர் தம் பள்ளியில் அரசாங்கம் குறித்த பாடங்களைக் கற்பிக்க ஒப்புக்கொள்வார். ஆண்டிற்கொருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வகுப்பிற்குரிய வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தனித்தனியே சோதிக்கப்படும். தேறிய பாடம் ஒவ்வொன்றிற்கும் விதித்த தொகையைக் கூட்டினால், அதுவே அப்பள்ளியின் அவ்வாண்டு மானியம். தேறாத பிள்ளைக்குப் பணம் இல்லை. பரீட்சை நாளன்று காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும் பணம் இல்லை.

இம்முறையால் விளைந்த நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. முதலாவதாக, அரசாங்கத்தின் கண்ணிலேயே படாதிருந்த நாட்டு ஆசிரியர்கள் கல்வித்துறையின் பதிவேட்டில் இடம் பெற்றனர். இரண்டாவதாக, அச்சிட்ட புத்தகமும் கரும்பலகையும் ஒழுங்கான கணக்குப் பாடமும் திண்ணைக்கு வந்து சேர்ந்தன. மூன்றாவதாக, பெயரளவில் பள்ளி நடத்திப் பணம் பெறுவதற்கு இடமில்லாமற் போயிற்று. கட்டடமும் சம்பளமும் கொடுத்துப் பள்ளி நடத்த மனமில்லாத ஓர் அரசாங்கம், குறைந்த செலவில் நிறைந்த எண்ணிக்கை காட்டுவதற்கு இதனினும் வசதியான வழி வேறில்லை.

தீமையோ அக்கணக்கின் உள்ளேயே பொதிந்திருந்தது. ஆசிரியரின் வாழ்வு ஒரே நாளைய பரீட்சையில் தொங்கும்பொழுது, அவர் எந்தப் பிள்ளையிடம் தம் நேரத்தைச் செலவிடுவார்? எளிதில் தேறும் பிள்ளைக்கு உழைக்க வேண்டுவதில்லை. எவ்வளவு உழைத்தாலும் இவ்வாண்டு தேறாத பிள்ளையால் பயனில்லை. தேறுவதும் தவறுவதும் ஐயமாக இருக்கும் நடுத்தரப் பிள்ளையே காசாகும் பிள்ளை. அவனுக்குப் பாடப்புத்தகத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கச் செய்வதே போதனை ஆயிற்று. மானியம் தராத பாடம் வகுப்பறையில் மதிப்பிழந்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பஞ்சத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு வாரார். வந்தாலும் பசித்த வயிற்றோடு கணக்குப் போடமாட்டார். பலன் குறையும், மானியமும் குறையும். ஊரார் கொடுக்கும் தவசமும் அதே ஆண்டில் நின்றுபோகும். உதவி மிகமிக வேண்டிய காலத்தில் உதவி மிகமிகக் குறையும்படி அமைந்ததே பலன் மானியத்தின் இலக்கணம். நல்ல மழை பெய்த ஆண்டில் வாரி வழங்கி, வறண்ட ஆண்டில் கையை மூடிக்கொள்ளும் கிணறு போன்றது அது.

பூனாவிலிருந்து எழுந்த குரல்

1882-ஆம் ஆண்டில் வில்லியம் ஹண்டர் என்பாரின் தலைமையில் இந்தியக் கல்விக் கமிஷன் அமைக்கப்பெற்றது. சென்னையிலிருந்து ரங்கநாத முதலியாரும், கிறிஸ்தவக் கல்லூரித் தலைவர் வில்லியம் மில்லரும் அதன் அங்கத்தினராக இருந்தனர். பம்பாயிலிருந்து காசிநாத் திரியம்பக் தெலங் இருந்தார். மாகாணங்கள்தோறும் பலர் கமிஷனுக்குச் சாட்சியமும் மனுவும் அளித்தனர். அவற்றுள் பூனா நகரத்து ஜோதிராவ் பூலே 1882 அக்டோபரில் அளித்த மனு தனிச்சிறப்புடையது.

பூலே மாலி வகுப்பில், தோட்டப் பயிர்த்தொழில் செய்த குடும்பத்தில் 1827-இல் பிறந்தவர். தம் துணைவியார் சாவித்திரிபாயோடு சேர்ந்து 1848-இல் பூனாவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். பின்னர் மகார், மாங்கு வகுப்பாரின் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தியவர். ஆகவே அவர் ஏட்டறிவைக்கொண்டு பேசவில்லை. அரசாங்கத்தின் வருவாயில் பெரும்பகுதி உழவரின் நெற்றி வியர்வையிலிருந்து வருகின்றது. அப்பணமோ மேல்வகுப்பாரின் உயர்கல்விக்குச் செலவாகின்றது என்று அவர் கமிஷனிடம் எடுத்துரைத்தார். பன்னிரண்டு வயதுவரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும், தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு மாதம் 12 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் வேண்டும், பயிர்த்தொழிலும் உடல்நலமும் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்று கேட்டார்.

பலன் மானியத்தைப் பற்றியும் அவர் தெளிவாகத் தம் கருத்தைச் சொன்னார். வறியவரும் கல்லாதவருமாகிய மக்களிடையே கல்வியைப் பரப்புவதற்கு அம்முறை ஏற்றதன்று. அவர்களிடையே கல்வியின்மீது நாட்டமே இன்னும் உண்டாகவில்லை. அங்கே எந்த ஆசிரியரும் தம் பொறுப்பில் பள்ளி திறந்து பிழைக்க முடியாது. நாட்டம் உண்டாகும்வரை அரசாங்கமே பள்ளி நடத்தித் தனி ஊக்கமும் அளித்தல் இன்றியமையாதது என்பது அவர் கருத்தின் சாரம். பரிசு முறையின் குறையை இதனினும் சுருக்கமாக எடுத்துக்காட்டல் அரிது. ஓடத் தெரிந்தவனுக்கே பந்தயம் பொருந்தும். நடக்கவே இடம் பெறாதவனைப் பந்தயத்திற்கு அழைப்பதில் பொருள் இல்லை.

கமிஷன் என்ன செய்தது? தொடக்கப்பள்ளிகளுக்கான உதவி பெரும்பாலும் பரீட்சைப் பலனைப் பொறுத்தே அமையலாம் என்பதைப் பொதுவிதியாக ஏற்றுக்கொண்டது. ஆனால் பின்தங்கிய வட்டாரங்களிலும் தனிச் சூழ்நிலை வாய்ந்த இடங்களிலும் உள்ள பள்ளிகளுக்குச் சிறப்பு விதிகளின்படி உதவலாம் என்று ஒரு விலக்கையும் சேர்த்தது. கல்வி மிகுதியாக வேண்டிய இடத்தில் பொதுவிதி பயன்படாது என்பதை அந்த விலக்கு ஒப்புக்கொண்டுவிட்டது.

பூலே பூனாவில் சொன்னதன் உண்மை பத்தாண்டுகளில் சென்னையிலும் விளங்கிற்று. 1892-ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி வேண்டுமெனச் சென்னை மகாஜன சபையில் கேட்டார். அதே காலத்தில் இரட்டைமலை சீனிவாசனும் அம்மக்களின் உரிமைக்காகச் சங்கம் கண்டு பாடுபட்டார். 1893-இல் சென்னை அரசாங்கம் அம்மக்களின் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்துச் சிறப்புச் சலுகைகளை வகுத்தது. 1894-இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டு அடையாற்றை அடுத்து அவர்களுக்காக இலவசப் பள்ளி திறந்தார். கால் நூற்றாண்டுக் காலம் நடந்த பலன் மானியம் எட்டாத சேரியின் வாசலைத் தனி முயற்சியும் தனிப் பணமுமே எட்டின. தாராவியில் வாழும் பல குடும்பங்களின் முன்னோர் அக்காலத்துத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர். அவர்களுக்கு இச்செய்தி வெறும் பழங்கதையன்று.

பரிசிலிருந்து பங்குக்கு

1904-ஆம் ஆண்டில் கர்சன் பிரபுவின் அரசாங்கம் வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம் பலன் மானியத்தைக் கண்டித்தது. அதன்பின் மாகாணங்கள் அதை விட்டொழித்தன. அடுத்து எழுந்த கேள்வி கட்டாய இலவசக் கல்வி. 1911-இல் கோபாலகிருஷ்ண கோகலே மத்தியச் சட்டசபையில் இதற்கென மசோதா கொண்டுவந்தார். 1912-இல் அது 13-க்கு 38 வாக்குகளால் தோற்றது. எனினும் 1918-இல் வித்தல்பாய் படேலின் முயற்சியால் பம்பாய் மாகாணத்தில் கட்டாயத் தொடக்கக் கல்விக்கு இடமளிக்கும் சட்டம் நிறைவேறியது. இந்தியாவின் பிரிட்டிஷ் மாகாணங்களில் இத்தகைய சட்டம் அதுவே முதலாவது. சென்னை மாகாணத்திலும் 1920-இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது.

பம்பாய் மாநகராட்சி 1925-இல் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியைத் தொடங்கியபொழுது, எஃப், ஜி என்னும் இரு வார்டுகளையே முதலில் தேர்ந்தது. இன்றைய பிரிவினையில் மாதுங்கா எஃப் வடக்கு வார்டிலும், தாராவி ஜி வடக்கு வார்டிலும் அடங்கும். ஆலைத் தொழிலாளரும் கூலி மக்களும் நெருங்கி வாழ்ந்த வட்டாரங்களிலிருந்து வேலை தொடங்கியது. எந்தப் பள்ளி முதலிடம் பெற்றது என்று கேட்டுப் பணம் ஒதுக்கப்படவில்லை. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி முதலிய மொழிகளோடு தமிழ் வழியிலும் பள்ளி நடத்துவதற்கு அடிப்படையாக நிற்பதும் இந்தப் பங்கு முறையே. மறுபுறம், மாதுங்காவில் 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் போன்ற அமைப்புகள் நம்மவரின் சொந்த முயற்சியால் வளர்ந்தன.

தாயகத்திலும் பங்கு முறையே நிலைபெற்றது. 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகுமாறு வகுத்தது. குலக்கல்வி என்று அது எதிர்க்கப்பட்டது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. பள்ளியில்லா ஊர்களில் பள்ளி திறப்பதும், 1956-இல் தொடங்கிய மதிய உணவும், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அக்காலத்தின் அடையாளங்கள். உணவைப் பொறுத்தவரை இதற்கு முன்னோடியாகச் சென்னை மாநகராட்சி 1920-இலேயே ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு அளித்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. இந்த நூறாண்டில் எந்தப் பள்ளியிலும் இலை போடும் முன் மதிப்பெண் கேட்கப்படவில்லை.

மீண்டும் பந்தயம்

பரிசு முறை 1904-இல் மறைந்தது என்று எண்ணியிருந்தோம். வேறு உருவில் அது மீண்டும் வந்தது. 2009-இல் அமெரிக்க நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருந்தபொழுது, ‘உச்சியை நோக்கிய பந்தயம்’ என்னும் பெயரில் 435 கோடி டாலர் கல்வி நிதியை ஒதுக்கி, மாநிலங்கள் அதற்குப் போட்டியிடுமாறு செய்தது. 2010 மார்ச்சில் முடிவான முதற்சுற்றில் டெலாவேர், டென்னசி ஆகிய இரு மாநிலங்களே வென்றன. ஆனால் வெற்றி பெறும் நம்பிக்கையில், பணம் கைக்கு வருமுன்பே பல மாநிலங்கள் தம் சட்டங்களை மாற்றிக்கொண்டன. மாணவரின் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியரை மதிப்பிடுவது அம்மாற்றங்களுள் ஒன்று. பரிசு ஒருவருக்கு, நிபந்தனை எல்லோருக்கும்!

இந்தியாவில் 2022 செப்டம்பர் 7-ஆம் நாள் மத்திய அமைச்சரவை ‘பி.எம். ஸ்ரீ’ பள்ளித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 14,500-க்கு மேற்பட்ட பள்ளிகளை முன்மாதிரியாக உயர்த்துவது நோக்கம். ஐந்தாண்டுச் செலவு 27,360 கோடி ரூபாய். முதலில் மாநில அரசு தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக நிறைவேற்றுவதாக ஒப்பந்தம் செய்ய வேண்டும். பின்னர்க் குறிப்பிட்ட தகுதியுடைய பள்ளிகள் விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டும். ஒரு வட்டாரத்தில் மிகுதியாக இரண்டு பள்ளிகளே தேர்வாகும். நாட்டில் அரசுப் பள்ளிகள் ஏறத்தாழ பத்து லட்சம். தேர்வாகும் பள்ளிகள் நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. அதே மாதம் 15-ஆம் நாள் மதுரையில் தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. எட்டு நாள் இடைவெளியில் பரிசு முறையும் பங்கு முறையும் அருகருகே நின்ற காட்சியை வரலாறு நமக்குக் காட்டியது.

மகாராஷ்டிரம் அவ்வொப்பந்தத்தில் இணைந்தது. மேலும் 2023-24 கல்வியாண்டில் ‘முதலமைச்சர்: என் பள்ளி, அழகிய பள்ளி’ என்னும் இயக்கத்தை நடத்திப் போட்டியில் வென்ற பள்ளிகளுக்குப் பரிசுத்தொகை வழங்கியது. தமிழ்நாடு வேறு வழி சென்றது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் விதியை நீக்கினாலன்றிக் கையெழுத்திட இயலாது என்றது. 2024-25-ஆம் ஆண்டிற்கான சமக்ர சிக்ஷா நிதியில் மத்திய அரசின் பங்காகிய 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது. 2025 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் கேரளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அதே மாதத்திலேயே அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

இரு தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். சமக்ர சிக்ஷா என்பதே தேசியக் கல்விக் கொள்கையை நிறைவேற்றும் கருவி. கொள்கையை ஏற்காமல் நிதியை மட்டும் கேட்பது முறையன்று என்பது மத்திய அரசின் வாதம். கல்வி 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டதேயன்றி மத்திய அரசின் தனியுரிமை ஆகிவிடவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின்படி பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய தொகையை வேறொரு திட்டத்தின் நிபந்தனையோடு பிணைக்கலாகாது என்பது மாநிலத்தின் வாதம். அரசியல் சார்பு எதுவாயினும், வரலாற்று நோக்கில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1860-களின் இன்ஸ்பெக்டர் தேறாத பிள்ளையின் பங்கைத்தான் பிடித்துவைத்தார். இங்கோ ஓர் ஒப்பந்தத்தின் பொருட்டு, தேறியவர் தேறாதவர் அனைவருக்கும் உரிய பங்கே நின்றது.

நாம் கேட்க வேண்டியவை

பரீட்சையே வேண்டாம், மேற்பார்வையே வேண்டாம் என்பது இவ்வரலாற்றின் பாடமன்று. கேட்பாரின்றிக் கொடுக்கும் பணம் கட்டடமாகவும் கல்வியாகவும் மாறாமல் வீணாவதையும் நாம் கண்டிருக்கிறோம். பள்ளியை அளக்க வேண்டும். ஆனால் அளப்பது எதற்காக என்பதில்தான் வேறுபாடு. வைத்தியர் நாடி பார்ப்பது மருந்து கொடுப்பதற்காக. நாடி தளர்ந்தவனுக்கு மருந்தை மறுப்பதற்காக அன்று. பலன் குறைந்த பள்ளியைக் கண்டறிந்து அங்கே கூடுதல் ஆசிரியரை அனுப்பினால் அளவை அறமாகும். அப்பள்ளியின் பணத்தைக் குறைத்தால் அளவை தண்டனையாகும்.

கொத்தாரிக் கல்விக் கமிஷன் (1964–66) எல்லா வகுப்பாரின் பிள்ளைகளும் ஒன்றாகப் பயிலும் அண்மைப் பள்ளியையும், தேசிய வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கல்விக்கென்பதையும் பரிந்துரைத்தது. அதன் உறுப்பினர்-செயலாளர் ஜே. பி. நாயக் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவர். பலன் மானியத்தின் கதையை இந்தியக் கல்வி வரலாறாக நூலில் எழுதியவர்களுள் ஒருவரும் அவரே. அப்பரிந்துரை வந்து அறுபது ஆண்டு நெருங்கியும் நிறைவேறவில்லை. மொத்தப் பணமே குறையும்பொழுதுதான், இருப்பதைப் பந்தயப் பொருளாக வைக்கும் எண்ணம் ஆள்வோர்க்குத் தோன்றுகின்றது போலும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. குடிபெயர்ந்தோரின் பிள்ளை ஆண்டின் நடுவிலே வந்து சேரும். வீட்டு மொழி ஒன்று, தெரு மொழி ஒன்று, பள்ளி மொழி ஒன்றாக இருக்கும். வாடகை உயர்ந்தால் தாராவியிலிருந்து கோபர்கைரனேக்கும், அங்கிருந்து மேலும் அப்பாலும் குடும்பம் பெயரும். அத்தகைய பிள்ளை எந்தப் பள்ளியின் பலன் கணக்கையும் உடனே உயர்த்தாது. மாணவர் எண்ணிக்கையைக்கொண்டே ஆசிரியர் பணியிடம் வரையறுக்கப்படும் இம்மாநிலத்தில், பிள்ளைகள் குறைந்த தமிழ்வழிப் பள்ளி எந்தப் பந்தயத்தில் வெல்லும்? பரிசு முறையில் முதலில் சுமையாகத் தோன்றுபவர் நம் பிள்ளைகளே. பங்கு முறையில்தான் அவர்களுக்கு நிலையான இடம் உண்டு.

ஆதலின் மத்திய அரசோ மாநில அரசோ மாநகராட்சியோ புதிய கல்வித் திட்டம் ஒன்றை அறிவிக்கும்பொழுது, எத்தனை கோடி என்பதைக் கேட்டு மகிழ்வதோடு நில்லாது, மூன்று கேள்விகளை நாம் கேட்கலாம். இப்பணம் தேவையைக் கண்டு வருகின்றதா, வெற்றியைக் கண்டு வருகின்றதா? போட்டியில் தோற்ற பள்ளியின் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? பணத்தோடு வரும் நிபந்தனை கற்பித்தலைப் பற்றியதா, வேறொன்றைப் பற்றியதா? பெற்றோர் கூட்டங்களிலும், பள்ளி மேலாண்மைக் குழுக்களிலும், தமிழ்ச் சங்கங்களிலும் இவற்றை எழுப்பும் உரிமை நமக்கு உண்டு. 1882-இல் பூனாவில் வாழ்ந்த ஒரு குடிமகன் தாமாகவே முன்வந்து கமிஷனுக்கு எழுதினார். அன்று அது ஏற்கப்படவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அரசாங்கமே பலன் மானியத்தைக் கண்டித்தது. அவ்விடைவெளியில் பள்ளி வாசலை மிதிக்காமலே வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு அத்தீர்மானத்தால் பயன் ஒன்றும் விளையவில்லை.